விமானம் சனிக்கிழமை, மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை

மஸ்கட்டிலிருந்து கல்யாணம் செய்துகொள்ள ஊருக்குப் புறப்பட்டபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. கையில் இருபத்து மூன்று நாள் விடுப்பு. மாப்பிள்ளை தயார், ஆலயம் தயார், சேலை மட்டும்தான் எடுக்க வேண்டும். "இத்தனை நாளில் இரண்டு கல்யாணம் முடித்துவிட்டு வரலாமே" என்று நான் நர்ஸாக இருக்கிற வார்டின் எகிப்து டாக்டர் கேலி செய்தார். பாவம், அவருக்கு எங்கள் ஓலை தெரியாது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனைகளில் மாப்பிள்ளை, பெண் இருவர் பெயரையும் வாசிப்பார்கள். இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள். இதற்குத்தான் ஓலை என்று பெயர். இப்போது வாசிப்பது கம்ப்யூட்டரில் அடித்த தாள்தான். மாப்பிள்ளையின் சபையிலும் வாசிக்க வேண்டும், பெண்ணின் சபையிலும் வாசிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் மூன்று முடிந்தால்தான் கல்யாணம்.

என் கணக்கு சுத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறேன். மூன்றாம் நாள் முதல் ஓலை, பத்தாம் நாள் இரண்டாம் ஓலை, பதினேழாம் நாள் மூன்றாம் ஓலை. இருபதாம் நாள் புதன்கிழமை கல்யாணம். இருபத்து மூன்றாம் நாள் சனிக்கிழமை விமானம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வார்டில் டியூட்டி. அங்கே ஞாயிறு வேலை நாள். நாங்கள் ஆராதனைக்குப் போவது வெள்ளிக்கிழமை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓலை வாசித்தது இது முதல் தடவை இல்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் வேறொருவருடன் சேர்த்து என் பெயரை இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாம் ஓலையில் தடை வந்தது. மூன்றாம் ஓலை என்ற ஒன்றை நான் கேட்டதே இல்லை. அதற்கு அடுத்த வருஷம் மஸ்கட்டுக்குப் போனவள்தான். அதனால் இந்தப் பயணத்தில் எனக்குக் கல்யாணத்தைவிட அந்த மூன்றாவது வாசிப்பைப் பற்றித்தான் பயம்.

பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டில் இறங்கிய அன்று மதியம் மதினி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்தாள். மஸ்கட்டில் நானும் பலமுறை உளுந்தஞ்சோறு செய்து பார்த்திருக்கிறேன். கறுப்புத் தொலி உளுந்து அங்கே கிடைக்கிறது, தேங்காய் கிடைக்கிறது, பூண்டு கிடைக்கிறது. ஆனாலும் அது நோயாளிக்குக் கொடுக்கிற கஞ்சி மாதிரிதான் வரும். இங்கே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "கல்யாணச் சட்டைக்கு அளவு குடுத்தாச்சுட்டி, பாத்துத் தின்னு" என்றாள் மதினி.

முதல் ஞாயிறு எங்கள் சபையில் ஓலை வாசித்தார்கள். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். "கன்னிகையாகிய ஹெலன்" என்று ஐயர் வாசித்ததும் பாடகர் குழுவில் இருந்த பிள்ளைகள் குனிந்துகொண்டு சிரித்தன. நாற்பத்து நான்கு வயதுக் கன்னிகை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தடை கேட்டுவிட்டு அவர் நிறுத்திய அந்த நேரம் எனக்கு மட்டும் நீளமாக இருந்தது. ஆலயத்தைவிட்டு வெளியே வந்தவுடன் தனசிங் போன் செய்தார்.

"இங்கனயும் வாசிச்சாச்சு. ஒரு கொழந்த அழுதுது, அவ்வளவுதான்" என்றார்.

தனசிங்தான் மாப்பிள்ளை. நாற்பத்தொன்பது வயது. மனைவி இறந்து எட்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. மணிமுத்தாறு அணையில் மதகு ஏற்றி இறக்குகிற வேலை. பக்கத்துக் கிராமத்தில் வீடு, அங்கேயே ஒரு சின்னச் சபை. போன விடுப்பில் அண்ணன்தான் அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தான். கல்யாணம் முடிந்து நான் இன்னும் இரண்டு வருஷம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்துவிடுவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை சேலை எடுக்க டவுணுக்குப் போனோம். ரத வீதியில் தேர் நகர்கிற மாதிரி டவுண் பஸ் நகர்ந்தது. நாங்கள் இறங்கி நடந்தே பஸ்ஸை முந்தினோம். கடையில் மதினி வெள்ளைப் பட்டை எடுத்துப் போட்டாள். இந்த வயதில் வெள்ளை கட்டினால் எல்லாரும் என்னை டியூட்டியில் இருப்பதாக நினைப்பார்கள் என்று சொல்லிச் சந்தன நிறத்தை எடுத்தேன். கடைக்கார அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். சேலையை மடித்துக்கொண்டே விசாரித்தார்.

"முகூர்த்தம் எத்தன மணிக்கும்மா?"

"எங்களுக்கு நாள் பாக்கது கிடையாது அண்ணாச்சி. மூணு ஓலை வாசிச்சா அதுக்கப்புறம் எந்த நாளும் நல்ல நாள்தான்."

"அப்ப புதன்கிழமைய எப்படிப் பிடிச்சிய?"

"பிளைட்டுக்குத் தோதா இருந்துது."

"நாங்க பஞ்சாங்கத்தப் பாக்கோம், நீங்க பிளைட்டப் பாக்கிய" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வாசலில் சுடச்சுட நூறு கிராம் அல்வா வாங்கி இலையோடு கையில் வாங்கித் தின்றோம். ஆனால் அவர் சொன்னது வீடுவரை கூடவே வந்தது. இத்தனை மாதமாகத் தேவனிடம் ஜெபித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளைக் குறித்ததென்னவோ விமானக் கம்பெனிதான்.

புதன்கிழமை தனசிங்கைப் பார்க்க மணிமுத்தாறுக்குக் கிளம்பினேன். பஸ் கல்லிடைக்குறிச்சி தாண்டுவதற்குள் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. மஸ்கட்டில் பஸ் நின்றால் வேறு பஸ் வரும்வரை எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே ஐந்து நிமிஷத்தில் பாதி பஸ் இறங்கி டிரைவருக்கு யோசனை சொல்லத் தொடங்கியது. என் பக்கத்தில் அப்பளக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த பெண் என் கதையை முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "தாமசமானாலும் நல்ல எடமா அமைஞ்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி ஒரு கட்டு அப்பளத்தை மடியில் போட்டாள். மழை தூறியது. முக்கால் மணி நேரம் கழித்து பஸ் தானாகவே மனம் மாறிப் புறப்பட்டது.

அணைக்குப் போனபோது தனசிங்கை ஒரு விவசாயி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாத்து காயுது வே! சாவி ஒம்ம கையிலதான இருக்கு? ரெண்டு சுத்து சுத்துனா என்ன, கை தேஞ்சா போயிரும்?"

"நாளைக்கு ஆர்டர் வந்துரும் அண்ணாச்சி."

"நாளைக்கு நாளைக்குன்னா பயிருக்குத் தெரியுமா?"

"இன்னைக்கு ஒமக்குத் தொறந்தா கடைசி வயக்காரனுக்குத் தண்ணி எட்டாது வே. எல்லாருக்கும் சேத்துக் கணக்குப் போட்டுத்தான் ஆர்டர் வரும். அது வராம தொட மாட்டேன்."

அந்த மனிதர் திட்டிக்கொண்டே போனார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. "ரெண்டு சுத்து சுத்தியிருக்கலாமே" என்றேன். தனசிங் என்னைப் பார்த்துவிட்டு, "காப்பி குடிப்பமா?" என்று கேட்டார். கட்டிக்கொள்ளப்போகிறவர் பிடிவாதக்காரர் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு அவருடைய கிராமத்தில் அசனம். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து சேர்த்து, ஆலய வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சமைத்து, ஊருக்கே சோறு போடுவார்கள். சாதி, மதம் எல்லாம் பந்தியில் கேட்பதில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் ஓலை வாசிப்பை அண்ணனிடம் விட்டுவிட்டு, அசனத்துக்காகவே நானும் மதினியும் காலையில் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடிந்து பந்தி தொடங்கியிருந்தது.

அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. விறகுப் புகை ஏறிய சாம்பார், ஊரில் விளைந்த எல்லாக் காயும் போட்ட கூட்டு. மஸ்கட்டில் இதற்குச் சமமான ஒன்று கிடையவே கிடையாது. தரையில் வரிசையாக உட்கார்ந்து, இலைக்கு மேல் இலை மாறி, ஆயிரம் பேராவது சாப்பிட்டிருப்பார்கள். அப்போது மைக்கில் உபதேசியார் யேசுவடியானின் குரல் கேட்டது. ஒன்பது ஊருக்கு ஒரே ஐயர் என்பதால் அந்தச் சபையில் பெரும்பாலான ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது உபதேசியார்தான்.

"சாப்பிட்டுக்கிட்டே கவனிங்க. நம்ம தனசிங் தம்பிக்கும் பாளையங்கோட்டை ஹெலனுக்கும் இது ரெண்டாம் ஓலை. தடை உள்ளவங்க சொல்லலாம். சாம்பார் வாளி கெழக்க வரட்டும்."

பந்தியே சிரித்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். தடை சொல்ல யாரும் எழவில்லை. இரண்டாம் ஓலை என்கிற பயம் எனக்குச் சாம்பாரோடு இறங்கிப் போயிற்று. நிம்மதியாக இன்னொரு கரண்டி கூட்டு கேட்டு வாங்கினேன்.

அன்று சாயங்காலமே தனசிங் போன் செய்தார். குரல் சரியில்லை. அன்று ஆராதனையில் பேச வந்த வெளியூர்ப் பிரசங்கியார் பொறுமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார். சோறு குழைகிறது என்று சமையற்காரர்கள் ஜன்னல் வழியாகக் கைகாட்ட, உபதேசியார் அறிவிப்புகளை எல்லாம் விட்டுவிட்டு ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்திருக்கிறார். ஓலை ஞாபகம் வந்தது பந்தியில்தான். வேறொரு ஊரில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்த ஐயருக்கு விஷயம் போயிருக்கிறது. ஆராதனையில் வாசிக்காத ஓலை ஓலையே அல்ல என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் இரண்டாம் ஓலை பதினேழாம் நாள். மூன்றாம் ஓலை இருபத்து நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விமானம் அதற்கு முந்தின நாள்.

ஒரே ஒரு நாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பந்தியில் சோறு தின்ற வாயாலேயே உபதேசியாரைத் திட்டினேன். பிரசங்கியாரைத் திட்டினேன். பொறுமையைப் பற்றிப் பேசுகிறவருக்குக் கேட்கிறவர்களின் பொறுமை தெரிய வேண்டாமா?

திங்கட்கிழமை காலையே ஐயரைத் தேடிப் புறப்பட்டேன். ஒரு கூட்டத்துக்காக அவர் நாங்குநேரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார்.

"நாங்குநேரியா? ஊருக்குள்ள போகாது. பைபாஸ்ல எறக்கிவிடுவேன். சம்மதம்னா இருங்க, இல்லன்னா இப்பமே எறங்கிருங்க."

"எங்க எறக்கினாலும் நடப்பேன். டிக்கெட்டக் கிழிங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டார். வாழைத் தோட்டம் இரண்டு பக்கமும், நடுவில் நானும் என் குடையும். ஊருக்குள் நுழைந்ததும் பூக்காரி ஒருத்தி, "பெருமாள் கோயிலுக்கா? நட சாத்துததுக்குள்ள வெரசாப் போங்க" என்றாள். சர்ச்சுக்கு என்றேன். "அப்பம் இப்படிக்கா போங்க. அங்கன நட சாத்த மாட்டாவ" என்று வேறு தெருவைக் காட்டினாள்.

ஐயர் கூட்டத்தின் இடைவேளையில் டீயும் வடையுமாக வெளியே வந்தார். மெலிந்த மனிதர், ஒன்பது ஊருக்கும் மோட்டார் சைக்கிளில் அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நான் வணக்கம் சொல்லக்கூட நிற்கவில்லை.

"ஐயா, ஆயிரம் பேரு கேட்டாங்க. சபைக்குள்ள வாசிச்சிருந்தா நாப்பது பேருதான் கேட்டிருப்பாங்க."

"ஆயிரம் பேரும் எலையப் பாத்துக்கிட்டு இருந்தாங்கம்மா. கையில சோத்த வச்சுக்கிட்டு எவனாவது எந்திரிச்சுத் தடை சொல்லுவானா?"

வேறு வழியில் போனேன். "மஸ்கட்ல எங்களுக்கு வெள்ளிக்கிழமதான் ஆராதன. மூணாவத ஒரு வெள்ளிக்கிழம வாசிக்கலாம்லா?"

"அப்பம் கல்யாணத்தையும் மஸ்கட்லயே வச்சிருக்கணும்" என்று சொல்லி வடையைப் பிய்த்தார். பேராயரிடம் விசேஷ அனுமதி கேட்கலாம், அதற்கு அவசரமான காரணம் காட்ட வேண்டும், விமான டிக்கெட்டைக் காரணமாக எழுத எனக்கு மனம் வருமா என்று கேட்டார். எழுத வரும் என்றுதான் நினைத்தேன், சொல்லவில்லை.

கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்த ஞாயிறு நான் அங்க இல்ல. ஆராதனையில வாசிச்சதா எழுதி உபதேசியார் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, அதுக்கு மேல நான் தோண்டித் துருவ மாட்டேன். ஆனா போடச் சொல்லுததுக்கு என்னால ஆகாது. ஒங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க."

இதைத்தான் நான் கேட்க வந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் வெற்றி பெற்றவளாக உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருக்கிறது, தேவனே திறந்துவிட்டார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நமக்கு வேண்டியது நடக்கும்போது அதற்கு அவர் பெயரைப் போடுவதில் நான் கெட்டிக்காரி.

செவ்வாய்க்கிழமை உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் ஓலை வாசித்ததற்குச் சபை கொடுக்கிற சான்றுப் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தப்பு என் மேலதாம்மா. ஐயரு சொன்னாவ, நீங்க வருவியன்னு. முப்பது வருச ஊழியத்துல பொய்யா ஒரு வரி எழுதுனது கெடையாது. ஒங்களுக்காவ ஒண்ணு எழுதுதேன். கர்த்தர் மன்னிச்சுருவாரு."

பேனாவைத் திறந்தார். சபையின் பெயரை எழுதினார், தேதியை எழுதினார். ஆராதனையில் வாசிக்கப்பட்டது என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே பேனா வந்து நின்றது.

பதினேழு வருஷத்துக்கு முந்தின அந்த ஞாயிறு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்த மாப்பிள்ளையும் அவசரக்காரர்தான். கப்பல் வேலை, லீவு இல்லை, ஒரே ஓலையோடு முடித்துத் தாருங்கள் என்று எங்கள் பழைய உபதேசியாரிடம் கேட்டார். நானும் கூடச் சேர்ந்து கெஞ்சினேன். அவர் முடியாது என்றார். அவரை நான் கல்நெஞ்சக்காரர் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்து நிறுத்தியபோது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. தூத்துக்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். "இவரு என் வீட்டுக்காரரு" என்றாள்.

ஊரெல்லாம் என்னைப் பாவம் என்றது. எனக்கு வந்த அவமானத்தில் அந்த ஓலையையே வெறுத்தேன். ஆனால் ஒரு ஓலையோடு முடித்திருந்தால் அந்தப் பெண் யாரிடம் வந்து நின்றிருப்பாள்? நான் யாருடைய வீட்டில் குடியிருந்திருப்பேன்? என்னைக் காப்பாற்றியது அன்று அந்தக் கிழ உபதேசியார் சொன்ன "முடியாது"தான். இன்று அதே வேலையில் இருக்கிற இன்னொருவரை என் டிக்கெட்டுக்காகப் பொய் எழுத வைக்கிறேன். தனசிங்குக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி மூடினேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. வார ஞாயிறு சபையில வாசிங்க. அதுக்கடுத்த ஞாயிறு மூணாவத வாசிங்க."

"ஒங்க பிளைட்டு?"

"அது போவட்டும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காப்பி ஆறியிருந்தது. இருவரும் ஆறின காப்பியைக் குடித்தோம்.

கீழ்ப்படிந்தால் மனதில் சமாதானம் பெருகும் என்று சொல்வார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான் பெருகியது. அணைக்கு நடந்து போகிற வழியெல்லாம் தேவனோடு சண்டை போட்டேன். பதினேழு வருஷம் காத்திருந்தேனே, ஒரு நாள் முன்னால் தந்தால் உமக்கு என்ன குறைந்துவிடும் என்று வாய்விட்டே கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. எதிரே வந்த மாடுதான் ஒதுங்கிப் போயிற்று. ஆனாலும் திரும்பிப் போய் அந்தப் பேனாவைத் திறக்கும் எண்ணம் ஒரு தடவைகூட வரவில்லை. அழுதுகொண்டே, திட்டிக்கொண்டே நேராகத்தான் நடந்தேன்.

தனசிங் முழுவதும் கேட்டார். "எட்டு வருசம் தனியா இருந்தாச்சு. இன்னும் அஞ்சு நாள் இருக்க மாட்டனா?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒங்க வேல போயிருமே ஹெலன்" என்றார்.

"போவும்."

"போனா?"

"தெரியல. ஆனா கையெழுத்து வாங்க மாட்டேன்."

"சரி" என்றார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

வீட்டில் அப்படி இல்லை. அண்ணன் கையிலிருந்த பேப்பரை வீசினான். "பதினாறு வருச வேலய ஒரு தாளுக்காவ விடுவியா? ஊரே கேட்டுருக்கு, சாமிக்குக் கேக்காதா?" என்றான். மதினி அழுதாள். அச்சடித்து வந்த அழைப்பிதழ்களில் புதன்கிழமையை அடித்துத் திங்கட்கிழமை என்று நானே எழுதினேன். இருநூற்றுக்கு மேல் இருந்தன. பாதி எழுதுவதற்குள் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து மீதியை எழுதத் தொடங்கினான்.

மஸ்கட்டுக்குப் போன் செய்து இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டேன். தலைமை நர்ஸ் நல்லவள்தான். ஆனால் வார்டில் ஆள் இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நீ வரவில்லையென்றால் உன் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள், என் கையில் ஒன்றும் இல்லை என்றாள். பதினேழாம் நாள் கிராமத்துச் சபையில், ஆராதனையில், இரண்டாம் ஓலை முறைப்படி வாசித்தார்கள். யாரும் எழவில்லை. வியாழக்கிழமை என் ராஜினாமாவை நானே எழுதி அனுப்பினேன். அவர்கள் எடுப்பதற்கு முன்னால் நானே கொடுத்துவிட வேண்டும் என்று பட்டது.

சனிக்கிழமை வீட்டில் இருந்தால் மதினியின் பெருமூச்சைக் கேட்க வேண்டியிருக்கும். புளியோதரையும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டு மணிமுத்தாறுக்குப் போய்விட்டேன். மலைமேல் மழை. மதகு திறந்திருந்தது, கால்வாயில் தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. விமானம் புறப்படுகிற நேரத்தில் மணி பார்த்தேன். தனசிங் பொட்டலத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, புளி கொஞ்சம் கூடுதல் என்றார். அவருக்குப் புளி ஆகாது என்று அன்றுதான் தெரிந்தது.

கீழ்ப்படிந்ததற்கு உடனே கூலி கிடைத்தது என்று சாட்சி சொல்ல நான் வரவில்லை. வேலை போயிற்று. அம்பாசமுத்திரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. தேவன் ஏன் அந்த ஒரு நாளைத் தள்ளி வைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டுதான் கீழ்ப்படிவேன் என்று சொன்னால் அதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர் இல்லை. இந்த அளவுக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிராமத்துச் சபையில் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் ஆண்கள் பக்கம். பாட்டு முடிந்து உபதேசியார் அறிவிப்புக்கு எழுந்தார். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி விறைத்து நின்று, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். தனசிங் பெயர், என் பெயர், எங்கள் தகப்பன்மார் பெயர். "இது மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் சொல்லலாம்."

நிறுத்தினார். அவசரப்படவே இல்லை. சபையைக் கடைசி வரிசைவரை பார்த்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதே நேரத்தில் மஸ்கட்டில் காலை டியூட்டிக்கு வந்தவர்களின் பெயரை வாசித்துக்கொண்டிருப்பார்கள். என் இடத்தில் வேறொருத்தி நின்றிருப்பாள். பின்னால் யாரோ இருமினார்கள். இருமல் அடங்கியது. வேறு சத்தமே இல்லை.

"தடை ஒண்ணும் இல்ல" என்றார் உபதேசியார். தாளை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பெயர்கூடத் தெரியாத பெண் என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏன் அழுவுதிய? நாளைக்குக் கல்யாணம்லா?"

"அதுக்குத்தான் அழுவுதேன்" என்றேன்.